படியிறங்கிப் போன நூல்

மேகம் வாசலில் நின்று கேட்காமல் நேராக வீட்டுக்குள் நுழைந்து, கொடியில் காய்ந்த துணியைத் திரும்ப நனைத்துவிட்டுப் போகிற ஒரு மலையூரில், பேரித்தோட்டத் தெரு என்று ஒரு தெரு இருந்தது. அந்தத் தெருவில் ஒரு பிள்ளைக்கு ஒரே நூல்தான். பிள்ளை பிறந்ததும் தாய் பின்னிப் போடுகிற முதல் ஸ்வெட்டர் சிறியதாகிப் போனால் அதைப் பெட்டியில் மடித்து வைப்பார்கள். அடுத்ததும் சிறியதாகிப் போனால் அதன் நுனியை முதலாவதன் நுனியோடு முடிந்து வைப்பார்கள். இப்படி ஒன்றின் வாலை ஒன்று பிடித்த ரயில் பெட்டிகளைப் போல அந்தப் பிள்ளையின் குளிர்காலங்கள் எல்லாம் பெட்டிக்குள் கிடக்கும். உடம்பில் இருக்கிற ஸ்வெட்டரின் மிச்ச நூலை மட்டும் வெட்டாமல், நெல்லிக்காய் அளவுக்குச் சுருட்டி, அதன் பைக்குள்ளேயே போட்டிருப்பார்கள். பிள்ளைக்குக் கல்யாணம் ஆகிற அன்று, தாய் அந்தக் கடைசி ஸ்வெட்டரையும் மற்றவற்றோடு முடிந்து, மிச்ச நூலை வெட்டிவிட்டு, எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கையில் கொடுப்பாள். வெட்டும்போது தெருப் பெண்கள் குலவை போடுவார்கள்.

லூர்தம்மாளின் மகள் ஸ்டெல்லாவுக்கு யாரும் குலவை போடவில்லை. கடைகளுக்குப் போர்டு எழுதக் கீழேயிருந்து வந்த முருகவேலோடு அவள் கிளம்பிய காலையில், அவள் அப்பா மிக்கேல் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டு, "இந்த வீட்ல பொம்பளப் பிள்ளை பொறக்கல" என்று மட்டும் சொன்னார். லூர்தம்மாள் அதுகூடச் சொல்லவில்லை. வாயைத் திறந்தால் புருஷனுக்கு எதிராகவோ மகளுக்கு எதிராகவோதான் பேசியாக வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. ஆகவே பேசாமல் பெட்டியைத் திறந்து, உள்ளே கிடந்த ஸ்வெட்டர்களைக் கொத்தாக அள்ளிப் பையில் திணித்து, மகள் போட்டிருந்த மெரூன் ஸ்வெட்டரின் கீழ் நுனியை அவற்றோடு முடிந்தாள். மிச்ச நூலை வெட்டுவதற்காக மகளின் ஸ்வெட்டர் பைக்குள் கையை விட்டாள். உருண்டை இல்லை. தேட நேரமும் இல்லை. கீழே ஜீப் இரண்டு முறை ஹாரன் அடித்துவிட்டது.

உருண்டை கேரட்டிடம் இருந்தது. கேரட் என்பது ஸ்டெல்லா வளர்த்த செம்பழுப்புப் பூனை. அதனோடு கரி என்று ஒரு கறுப்புப் பூனையும், சோல்ஜர் என்று பேருக்குமட்டும் வீரனான ஒரு நாயும் அந்த வீட்டில் இருந்தன. அழுதுகொண்டிருந்த ஸ்டெல்லா கட்டிலில் குனிந்தபோது கேரட் அவள் பையிலிருந்து உருண்டையைத் திருடி, கட்டிலுக்கு அடியில் கொண்டுபோய், கரியோடு பந்து விளையாடிக்கொண்டிருந்தது. ஸ்டெல்லா வாசலைத் தாண்டினாள், நூலும் அவள் பின்னால் வாசலைத் தாண்டியது. ஜீப் வளைவில் திரும்பியது, நூலும் திரும்பியது. அது அறுந்துபோகவில்லை. உருண்டையும் சிறுக்கவில்லை, மாலையில் லூர்தம்மாள் கட்டிலுக்கு அடியில் விளக்குமாற்றை விட்டபோது அது நெல்லிக்காய் அளவிலேயே உருண்டு வெளியே வந்தது.

முதல் வாரம் தெருக்காரர்கள் தடுக்கி விழுந்தார்கள், திட்டினார்கள். இரண்டாம் வாரம் காலைத் தூக்கி வைத்து நடந்தார்கள். அப்புறம் அந்தத் தெருவில் நடை பழகிய குழந்தைகள் எல்லாம் அந்த இடத்தில் காலைத் தூக்கி வைத்தே நடை பழகின. பால்காரர் அதில் மணி ஒன்றைக் கட்டிவிட்டார், மேகம் இறங்கிய காலைகளில் வீடு தெரிவதற்காக. கரண்ட் கம்பம் நடவந்த லைன்மேன் கம்பத்தை ஒரு முழம் தள்ளி நட்டுவிட்டு, ஏன் தள்ளி நட்டாய் என்று கேட்ட அதிகாரியிடம், "இங்க ஒரு பொண்ணு போயிருக்கு சார்" என்றார். அதிகாரியும் எட்டிப் பார்த்துவிட்டுச் சரி என்றார். மாதா சப்பரம் வந்த அன்று நான்கு பேர் கவைக்குச்சியால் நூலை உயர்த்திப் பிடிக்க, சப்பரம் தலைவணங்கினாற்போலச் சாய்ந்து கடந்தது. சோலையிலிருந்து வாழைத்தோல் தேடி வருகிற காட்டெருமைகளும், வேலியை முறித்துப் பழகிய அந்தப் பெரிய மிருகங்களும், நூல் அருகே வந்ததும் மூக்கை வைத்து முகர்ந்து, பின்னங்காலைக்கூடப் பார்த்துத் தூக்கி வைத்துப் போயின.

பக்கத்து வீட்டுப் பவுனுத்தாயி ஒருநாள் ஈரச் சேலையோடு வந்து நின்றாள்.

"லூர்துக்கா, ஒங்க மக நூல்ல இதக் காயப்போட்டுக்கிறவா?"

"போடு. போர்வை கீர்வை போட்றாத. அவளுக்கு இழுக்கும்."

மிக்கேலின் தம்பி சவரி காரட், முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டு மலையிறங்கும் லாரி ஓட்டுகிறவன். வாரத்துக்கு ஒருமுறை வந்து வாசலில் நின்றபடியே நூலைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போவான்.

"மதினி, வத்தலக்குண்டு தாண்டிருச்சு. டயருக்கு அடியிலதான் கெடக்கு, ஒண்ணும் ஆக மாட்டேங்குது."

"அதுக்கு அங்கிட்டு?"

"திண்டுக்கல்லுக்கு அந்தப் பக்கம் ரோட்ட விட்டுட்டு எறங்கி, கண்ணுக்கெட்டுன தூரத்துக்குப் போய்க்கிட்டே இருக்கு. நம்ம லோடு மார்க்கெட்டோட சரி. நானும் எறங்கி நடந்தம்னா தக்காளிக்காரன் லாரியத் தூக்கிட்டுப் போயிருவான்."

உள்ளேயிருந்து மிக்கேல் குரல் வந்தது. "ஒன்னய யார்றா கேட்டா?"

"ஒங்ககிட்டச் சொல்லலண்ணே. மதினிகிட்டச் சொன்னேன்."

"சத்தமாச் சொல்ற."

"சத்தமாத்தான் சொல்றேன்."

 அரசாங்க நர்சரியில் செடிகளுக்கு மண் மாற்றுகிற வேலை மிக்கேலுக்கு. மகள் பேரை அவர் சொல்லவில்லை, சொல்ல விடவும் இல்லை. ஆனால் காலையில் வேலைக்குப் போகும்போது வாசலில் நின்று, வேட்டியை ஒரு கையால் தூக்கிக்கொண்டு, பிறகு நூலைத் தாண்டினார். மற்றவர்கள் எல்லாம் பேச்சுவாக்கில் தாண்டினார்கள். அவர் மட்டும் நின்று தாண்டினார்.

லூர்தம்மாள் ஒருமுறை நூலைப் பிடித்துக்கொண்டு கிளம்பினாள். கையில் ஒரு பையும் பையில் முறுக்கும் இருந்தன. அவள் ஓரடி இறங்கினால் நூலின் மகள் பக்கத்து முனை ஓரடி தள்ளிப் போனது. பத்தடி இறங்கினால் பத்தடி. நூல் விரலுக்குள் நழுவி ஓடுகிற ஓட்டத்தில் அது அவளுக்குத் தெரிந்தது. பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் போய், பெஞ்சில் உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்ததும் நூலும் நின்றது. வாசலில் ஒரு வார்த்தை சொல்லாதவள் இப்போது முறுக்கோடு வந்து என்ன சொல்வாள் என்று மகளுக்குத் தோன்றியிருக்கலாம். லூர்தம்மாளுக்கும் அப்படித்தான் தோன்றியது. எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அவள் திரும்பி வந்த மறுநாளிலிருந்துதான் நூல் விளையாட ஆரம்பித்தது. ஸ்டெல்லா சின்ன வயதில் ஒரு நூலைத் தரையில் போட்டு, வெடுக் வெடுக்கென்று இரண்டு தரம் இழுத்து, பூனை பாய்வதற்குள் ஒரே நீளமாக உருவிக்கொள்வாள். இப்போது படியில் கிடந்த நூல் அதேபோல் இரண்டு தரம் வெடுக்கென்றது. கேரட் பின்பக்கத்தை ஆட்டிக் குறி பார்த்துப் பாய்ந்தது; நூல் நீளமாக ஓடி ஏமாற்றியது. கரி பாய்ந்து கேரட்டின் மேல் விழுந்தது. சோல்ஜர் எதைப் பிடிப்பது என்று தெரியாமல் தன் வாலைப் பிடித்துச் சுற்றியது. அரிவாள்மனையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த லூர்தம்மாள் நறுக்குவதை நிறுத்திவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். பிள்ளை உயிரோடு இருக்கிறாள், விளையாடுகிற அளவுக்கு இருக்கிறாள். பூனைகளோடு விளையாடினாள், அம்மாவோடு விளையாடவில்லை. அதையும் அவள் ஏற்றுக்கொண்டாள்.

மார்கழி வந்து புல்லின் மேல் பனி உறைந்து வெள்ளையாகப் பொரிந்தபோது, மகளுக்கு அந்த ஒரு மெரூன் ஸ்வெட்டர் போதாதே என்று லூர்தம்மாளுக்கு நினைப்பு வந்தது. கீழ்நாட்டில் குளிர் கிடையாது என்று பவுனுத்தாயி சொன்னாள். "நீ போயிருக்கியா?" என்று லூர்தம்மாள் கேட்டாள். பெரிய ஊசிகளை எடுத்து, அந்த நெல்லிக்காய் உருண்டையின் நுனியிலிருந்து கண்ணி எடுத்து, முழங்கால்வரை வருகிற, முன்பக்கம் பட்டன் வைத்த ஸ்வெட்டர் கோட் ஒன்றைத் தொடங்கினாள். உருண்டை கொடுக்கிற மட்டும் கொடுக்கட்டும் என்று பின்னினாள். ஆனால் நூல் உருண்டையிலிருந்து வரவில்லை. வாசல் பக்கமிருந்து வந்தது. அவள் வரிசை வரிசையாகப் பின்னப் பின்ன, படியில் கிடந்த நூல் மேலேறி வந்தது. பிடித்து நிறுத்தாமல், தடுக்காமல், கேட்ட அளவு வந்தது.

நடந்து போனால் தள்ளிப் போகிறவள் பின்னினால் கிட்ட வருகிறாள் என்று தெருவுக்குப் புரிந்துபோயிற்று. கோட்டு முடிந்தால் ஸ்டெல்லா வந்து நிற்பாள் என்பதில் அதற்குப்பின் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. "இடுப்பு வந்துருச்சா?" என்று தண்ணீர்க் குழாயடியில் கேட்டுக்கொண்டார்கள், யாருடைய இடுப்பு என்று யாரும் கேட்கவில்லை. வீட்டுக்கு ஒரு பட்டன் கொண்டுவந்து கொடுத்தார்கள், ஒன்றுபோல் ஒன்று இல்லாமல், கொம்புப் பட்டன், பித்தளைப் பட்டன், பள்ளிக்கூடச் சட்டையின் வெள்ளைப் பட்டன் என்று. பின்னி முடிந்த மட்டுக்கும் லூர்தம்மாள் அவற்றைத் தைத்துக்கொண்டே வந்தாள். பூனைகளுக்கோ அது ஒரு பொற்காலம். கேரட் பின்னி முடியாத கோட்டுக் கைக்குள் புகுந்து மறுபக்கம் தலையை நீட்டும். கரி அந்தத் தலையை அடிக்கும். ஊசியைப் பிடித்துத் தொங்கி ஒரு வரிசையை உருவிவிடும். லூர்தம்மாள் திட்டிக்கொண்டே கண்ணிகளைத் திரும்பப் பொறுக்குவாள். "பின்றது ரெண்டு கை, பிரிக்கிறது எட்டுக் கால்" என்று சவரி சிரித்தான். அவள் மடியிலிருந்து கோட்டு தரைக்கு வழிந்ததும், அந்த வழிந்த பாகத்தில் சோல்ஜர் வந்து படுத்துக்கொள்ளும். அதன் உறக்கத்துக்குக் கீழேதான் பின்பக்கம் முழுவதும் வளர்ந்தது.

ஒருநாள் நூல் சுருள் சுருளாக வந்தது. பின்னிப் பிரித்த நூல் அப்படித்தான் வரும். எந்தக் கண்ணியில் எப்படி வளைந்திருந்தோம் என்பதை உல்லன் மறப்பதில்லை. லூர்தம்மாள் அதை விரலில் ஓட்டிப் பார்த்தாள். தன் கைப் பின்னல். மகள் போட்டுக்கொண்டு போன மெரூன் ஸ்வெட்டர்தான் அங்கே பிரிந்து இங்கே வருகிறது. அவள் ஊசிகளைக் கீழே வைத்தாள். நாள் முழுக்க வைத்திருந்தாள். அந்தப் பக்கம் யாரும் இழுத்துப் பிடிக்கவில்லை. நூல் தளர்ந்து கிடந்தது. சாயங்காலம் வெடுக் வெடுக்கென்று இரண்டு தரம் ஆடிப் பூனைகளை ஏமாற்றவும் செய்தது. மகளுக்குச் சம்மதம்தான் என்று நினைத்து மறுபடி ஊசிகளை எடுத்தாள்.

மெரூன் தீர்ந்து நீலம் வந்தது. அது பள்ளிக்கூட ஸ்வெட்டர். முழங்கைப் பக்கத்து நூல் தேய்ந்து மெலிந்திருந்தது, டெஸ்கில் கையூன்றித் தூங்கின இடம். நீலம் தீர்ந்து பச்சை வந்தது. தோட்டத்தில் ஒளிந்தால் தெரியக்கூடாது என்று ஸ்டெல்லா கேட்டு வாங்கின பச்சை. நடுவில் ஒரு முடிச்சு, கொய்யா மரத்தில் மாட்டிக் கிழித்த இடம். தெருவே வந்து பார்த்தது. ஸ்டெல்லா சிறியவளாகிக்கொண்டே வருகிறாள் என்று பவுனுத்தாயி சொன்னாள். யாருக்கும் அதில் ஆச்சரியமில்லை, எப்படியானாலும் வருகிறாளே என்று இருந்தார்கள். மிக்கேல் பச்சை நூல் வந்த அன்று நர்சரியிலிருந்து சீக்கிரமே வந்து, சுவர்ப் பக்கம் இருந்த நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

பிறகு வெள்ளை. ஞானஸ்நானத்துக்குப் பின்னின சின்ன ஸ்வெட்டர். சீக்கிரமே தீர்ந்துவிட்டது. கோட்டின் ஒரு கையில் மணிக்கட்டு மட்டும் மீதி இருந்தது. பெண்கள் வாசலில் கூடிவிட்டார்கள், சவரி லாரியைக் கிளப்பாமல் நின்றான், எல்லாரும் வளைவைப் பார்த்தார்கள்.

வெள்ளையின் நுனியில் ஒரு முடிச்சு வந்தது. முடிச்சுக்கு அப்புறம் மஞ்சள்.

லூர்தம்மாள் வாழ்நாளில் மஞ்சள் நூல் வாங்கியதில்லை. கை ஓட்டத்தில் அரை வரிசை பின்னிவிட்டாள். அப்புறம்தான் விரலுக்கு அந்தச் சுருள் தட்டுப்பட்டது. ரொம்பச் சின்னக் கண்ணிகள். இறுக்கமாக, ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு போட்டவை. ஸ்டெல்லாவுக்குப் பின்ன வராது. எப்போதும் நூலைக் கழுத்தை நெரிப்பதுபோல் இறுக்குவாள். வரிசை திரும்புகிற இடத்தில் நூல் மடங்கியிருந்த தடத்தை லூர்தம்மாள் அளந்தாள். ஒரு சாணுக்கும் குறைவான அகலம்.

அப்போது நூல் அந்தப் பக்கமிருந்து பிடித்து இழுத்தது. விளையாட்டு இல்லை. கேரட் காதை மடக்கிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டது.

தனக்கென்று இருந்ததை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக உருவ விட்ட ஸ்டெல்லா, பிள்ளையின் சட்டைக்கு மட்டும் பிடித்துக்கொண்டாள். ஒரு பிள்ளைக்கு ஒரே நூல் என்றாலும், தன் பிள்ளையின் நூலை அவள் தன்னுடையதோடுதான் முடிந்திருந்தாள்.

"பிள்ளை இருக்கு" என்றாள் லூர்தம்மாள்.

வாசலில் சலசலப்பு எழுந்தது. "அப்பக் கண்டிப்பா இழுங்கக்கா" என்றாள் பவுனுத்தாயி. "மணிக்கட்டுதான் மீதி. பிள்ளையத் தூக்கிக்கிட்டு வந்து நிப்பா பாருங்க."

மிக்கேல் நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார். மண் ஏறிய கையால் நூலைப் பிடித்தார். மகள் போனபின் அவர் அதைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

"பிள்ளையா?"

"ஆமாங்க."

அவர் இழுத்தார். ஒரு முழம் மஞ்சள் வந்தது. அந்தப் பக்கமிருந்து அதைவிட வலுவாக ஓர் இழுப்பு வந்து, அவரை ஓரடி முன்னால் தள்ளியது. அவர் காலை ஊன்றிக்கொண்டு மறுபடி இழுக்கப் போனார்.

"விடுங்க."

"கொஞ்சந்தான் லூர்து. வந்துருவா."

"வருவா. பிள்ளைய வெறும் ஒடம்போடத் தூக்கிட்டு வருவா. ஒருதரம் நீங்க சொன்னதுக்கு நான் பேசாம இருந்துட்டேன். இப்பச் சொல்றேன், விடுங்க."

மிக்கேல் விடவில்லை. லூர்தம்மாள் அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள், தூங்குகிற குழந்தையின் கையிலிருந்து எதையாவது எடுப்பதுபோல. பிறகு ஊசிகளை உருவிப் போட்டாள்.

மஞ்சள் ஒரு மூச்சில் போய்விட்டது. கோட்டின் விளிம்பில் கண்ணிகள் சாரைசாரையாக அவிழ்ந்தன. முடிச்சு வாசலைத் தாண்டி, வெள்ளை ஓட ஆரம்பித்தது.

"போதும்க்கா, மஞ்சள் போய்ச் சேந்துருச்சுல்ல. மத்ததப் பிடிங்க" என்றாள் பவுனுத்தாயி. "அவ்வளவு நாள் வேலை."

லூர்தம்மாளும் பிடிக்கத்தான் கையைக் கொண்டுபோனாள். வெள்ளை, ஒரு வயசுக்கு. அந்தப் பிள்ளைக்கு இந்த மஞ்சள் சின்னதாகிப் போனால் வெள்ளை வேண்டும். அப்புறம் பச்சை, தோட்டத்தில் ஒளிகிற வயசு வரும். அப்புறம் பள்ளிக்கூடத்துக்கு நீலம். அந்தப் பிள்ளைக்கு வரப்போகிற குளிர்காலம் முழுவதும் தன் மடியில் ஒரே கோட்டாகக் கிடப்பதை அவள் பார்த்தாள். கையை எடுத்துவிட்டாள்.

பூனைகளுக்கு நூல் ஓடினால் விளையாட்டுதான். கரி பாய்ந்து வெள்ளையைப் பற்களால் பிடித்தது. கட்டிலுக்கு அடியிலிருந்து கேரட் வந்து நான்கு காலாலும் கட்டிக்கொண்டு கூடவே இழுபட்டது. "இதுகளத் தூக்குங்க" என்றாள் லூர்தம்மாள். மிக்கேல் இரண்டையும் இரண்டு கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். அவை பிராண்டியதில் முழங்கை வரைக்கும் கோடு கோடாக ரத்தம் வந்தது, அவர் விடவில்லை. படுத்திருந்த சோல்ஜருக்குக் கீழே கோட்டு கரைந்துகொண்டு போக, அது கொஞ்சம் கொஞ்சமாகத் தரையில் இறங்கி, கடைசியில் வெறும் சிமெண்டில் கண்விழித்தது. பட்டன்கள் ஒவ்வொன்றாகத் தெறித்து உருண்டன. வந்திருந்த பெண்கள் தங்கள் தங்கள் பட்டனைக் குனிந்து எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். சவரி லாரியைக் கிளப்பினான்.

பச்சை போனது, நீலம் போனது. மெரூனும் போய் முடிகிற இடத்தில் லூர்தம்மாளின் உள்ளங்கையில் அந்தச் சின்ன உருண்டை மட்டும் சுழன்றது. இத்தனை நாள் குறையாத உருண்டை இப்போது பட்டாணி அளவானது, மிளகு அளவானது, பிறகு விரலளவு நூலாக நீண்டு, அவள் கையைக் கூசவைத்துவிட்டுப் படியிறங்கியது.

மிக்கேல் பூனைகளைப் போட்டுவிட்டு அதன் பின்னால் ஓடினார். அறுபதைத் தொட்ட மனிதர், செருப்பில்லாமல், வேட்டியைப் பிடித்துக்கொண்டு, சரிவில் ஓடினார். சோல்ஜர் குரைத்துக்கொண்டு கூட ஓடியது. வளைவு வரைக்கும் அவர் "நில்லு" என்று சொல்வது கேட்டது. நூலிடம் சொன்னாரோ மகளிடம் சொன்னாரோ, மேகம் ஏறி வந்து வளைவை மூடிவிட்டது.

இருட்டுவதற்கு முன்னால் திரும்பி வந்தார். கால் பெருவிரல் கல்லில் இடித்துப் பிளந்திருந்தது. வந்து லூர்தம்மாளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். 

"ஆணா, பொண்ணா?" என்று கேட்டார்.

"நூல்ல அது தெரியாதுங்க."

"வேற என்ன தெரிஞ்சுது?"

லூர்தம்மாள் இரண்டு உள்ளங்கைகளையும் எதிரெதிராகத் தூக்கி, நெஞ்சு அகலம் இவ்வளவு என்று காட்டினாள். மிக்கேல் அந்த இடைவெளியைப் பார்த்தார். கேரட் வந்து அதற்குள் தலையை நுழைத்து, இந்தக் கையையும் அந்தக் கையையும் மாறி மாறி முட்டியது. அவள் கைகளைக் கொஞ்சமும் அகட்டவில்லை, இறக்கவும் இல்லை.